விறகு அறுக்க செயின்சா வாங்கும் முன்: எஞ்சினை விட செயினைப் பாருங்கள்

செயின்சா வாங்கக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி "எத்தனை சிசி?" என்பதுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் கொஞ்ச நாள் விறகு அறுத்த பிறகு ஒன்று புரிந்துவிடும்: எஞ்சின் செயினைச் சுற்றிவிடுகிறது, மரத்தை அறுப்பதென்னவோ செயின்தான். மொட்டைச் செயின் மாட்டிய 60 சிசி மெஷின் புகை விட்டுக்கொண்டு முனகும்போது, பக்கத்தில் ஒருவர் நன்றாகத் தீட்டிய செயினோடு 45 சிசி மெஷினை வைத்து அதே கட்டையைத் துண்டு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார். அதனால் இந்தக் கட்டுரையில் மெஷினுக்குக் கொஞ்சம், செயினுக்கு நிறைய.

இன்னொன்று. இது ஏற்கெனவே கீழே விழுந்து கிடக்கும் மரத்தை விறகாகத் துண்டு போடுகிறவர்களுக்கானது. நிற்கிற மரத்தைச் சாய்ப்பது தனி வித்தை. அதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கத்தான் கற்க வேண்டும், படித்துக் கற்க முடியாது.

1. மெஷினைப் பார்க்கும் முன் கட்டையைப் பாருங்கள்

ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் கட்டைக் குவியலுக்குப் போங்கள். இருப்பதிலேயே பெரிய அடிமரத்தை அளக்காதீர்கள், வருடத்தில் ஒன்றிரண்டு முறைதான் அப்படி ஒன்று வரும். பத்துக் கட்டையில் எட்டு என்ன தடிமன் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது 20 முதல் 35 செ.மீ.க்குள் இருக்கும். அப்புறம் மூன்று விஷயம் கவனியுங்கள்: மரம் பச்சையா காய்ந்ததா, வைரம் பாய்ந்த கட்டையா மெதுவான மரமா, பட்டையில் மண்ணும் மணலும் ஒட்டியிருக்கிறதா. இதில் மூன்றாவதுதான் முக்கியம் என்பேன். தரையில் இழுத்துக்கொண்டு வந்த கட்டை என்றால் அதன் பட்டையில் இருக்கிற மண், நீங்கள் எந்தச் செயின் வாங்க வேண்டும் என்பதை ஏறக்குறைய முடிவு செய்துவிடுகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

2. பாரின் நீளம்

செயின் ஓடுகிற அந்தத் தட்டையான இரும்புக்கு பார் என்று பெயர், பிளேடு என்றும் சொல்வார்கள். வழக்கமாக அறுக்கும் கட்டையின் விட்டத்தை விட 2 அங்குலம் (சுமார் 5 செ.மீ.) நீளமான பார் இருந்தால் போதும். 35 செ.மீ. கட்டைக்கு 16 அங்குல பார் தாராளம். விறகு வேலைக்கு 16 அல்லது 18 அங்குலம் சரியாக இருக்கும், அடிக்கடி தடித்த அடிமரம் வருகிறது என்றால் மட்டும் 20. பாரை விடப் பெரிய கட்டை வந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் அறுக்கலாம், அதற்காக எப்போதும் நீளமான பாரைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம்.

நீளமான பார் என்றால் கெத்தாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார் நீள நீள செயினில் தீட்ட வேண்டிய பற்கள் கூடும், முன்பக்க எடை கூடும், குனிந்து அறுக்கும்போது நுனி தரையில் இடிக்கும். 50 சிசி எஞ்சினுக்கு 20 அங்குல பார் மாட்டி அது முழுவதும் மரத்துக்குள் புதையும்படி அறுத்தால் எஞ்சின் மூச்சு வாங்கும், செயினின் வேகம் விழுந்துவிடும்.

3. எஞ்சின்

நடுத்தர அளவு என்று பொதுவாகச் சொல்வது 45 முதல் 60 சிசி வரை. 16 அல்லது 18 அங்குல பாருக்கு 50 சிசி அளவு பொருந்தும், 20 அங்குலத்துக்கு 55 முதல் 60. ஆனால் சிசியை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறலாம். ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 271 மாடல் 50.2 சிசி, ஹஸ்க்வர்னாவின் 455 ரான்ச்சர் 55.5 சிசி. கேட்டால் இரண்டாவதுதான் பலசாலி என்று தோன்றும், ஆனால் இரண்டுமே 2.6 கிலோவாட் தருபவை. இன்னும் வேடிக்கை, அதே ஸ்டில்லின் எம்எஸ் 261 மாடலும் 50.2 சிசிதான், ஆனால் அது 3 கிலோவாட்டை ஒட்டிச் சக்தி தருகிறது, எடையும் 271-ன் 5.6 கிலோவை விடக் குறைவு. எடை குறையக் காரணம் உடம்பு. தொழில்முறை மெஷின்களில் எஞ்சினைச் சுற்றியிருக்கும் கூடு மெக்னீசியத்தில் வார்த்தது, லேசாகவும் இருக்கும், உழைக்கவும் செய்யும். வீட்டு உபயோகத்துக்கான மெஷின்களில் அங்கே பெரும்பாலும் பிளாஸ்டிக். அதனால் சிசியோடு கிலோவாட், கிலோ இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

வருடத்தில் சில நாட்கள் மட்டும் அறுக்கிறவருக்குத் தொழில்முறை மெஷின் தேவையா? என்னைக் கேட்டால் தேவையில்லை. நடுவில் இருக்கும் தோட்ட, பண்ணை ரக மெஷினே பல வருடம் ஓடும், அங்கே மிச்சமாகும் காசில் இரண்டு செயின், ஒரு நல்ல அரம், தொடைக் கவசம் எல்லாம் வாங்கிவிடலாம். வாரா வாரம் முழு நாள் அறுக்கிறவர் என்றால் கதை வேறு, எடை குறைவதும் அதிர்வு குறைவதும் அவருக்குச் சாயங்காலம் கை சொல்லும்.

விளம்பரத்தில் போடும் எடையில் பார், செயின், பெட்ரோல், ஆயில் எதுவும் சேராது. எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 2 கிலோ கூடிவிடும். அதனால் கடையில் பார் மாட்டிய மெஷினையே கேட்டு வாங்கி, இடுப்பு உயரத்தில் இரண்டு நிமிடம் பிடித்து நின்று பாருங்கள். செயினை நிறுத்தும் செயின் பிரேக் (முன் கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்பு) முன்னால் தள்ளினால் டக்கென்று பூட்டுகிறதா, கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அல்லது ரப்பர் இருக்கிறதா, செயினை இறுக்கும் திருகு பக்கவாட்டில் கைக்கு எட்டும்படி இருக்கிறதா, ஏர் ஃபில்டரைச் சாவி இல்லாமல் கழற்ற முடிகிறதா, இவ்வளவும் பாருங்கள். கடைசி இரண்டும் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் தினமும் கை வைக்கப்போவது அங்கேதான்.

பேட்டரி மெஷின்? மெல்லிய கிளைகளுக்கும் அரை மணி நேர வேலைக்கும் அருமை, சத்தமும் குறைவு. ஒரு லோடு விறகை ஒரே மூச்சில் அறுக்க வேண்டும் என்றால் கூடுதல் பேட்டரிகள் வேண்டும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. செயினின் மூன்று எண்கள்

இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் இடறுகிறார்கள். நானும் இடறினேன். முதல் செயின் தேய்ந்ததும் கடைக்குப் போய் "18 இஞ்ச் செயின் ஒன்று" என்றேன், அவரும் எதுவும் கேட்காமல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினால் பாரின் பள்ளத்துக்குள் செயின் இறங்கவே இல்லை. நான் சரியாக மாட்டவில்லை போல என்று சுத்தியலை எடுக்கிற அளவுக்குப் போய்விட்டேன். தப்பு செயினில் இல்லை, கேட்ட விதத்தில் இருந்தது. 18 அங்குலம் என்பது பாரின் நீளம், அதை வைத்து மட்டும் செயினை வாங்க முடியாது. மூன்று எண்கள் வேண்டும்.

முதலாவது பிட்ச். செயினில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவெட்டுகளை எடுத்துக்கொண்டு, முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடு வரை அளந்து, அதைப் பாதியாக்கினால் வருவது பிட்ச். நடுத்தர மெஷின்களில் வருவது இரண்டு: .325 அங்குலம், 3/8 அங்குலம். இதில் ஒரு குழப்பம், 3/8 என்றே பெயர் வைத்துக்கொண்டு லோ புரொஃபைல் என்று ஒரு சின்னச் செயினும் இருக்கிறது, அது சின்ன மெஷின்களுக்கானது, இரண்டையும் மாற்றி மாட்டக் கூடாது. 50 சிசிக்கு .325 நன்றாகப் பொருந்தும். பல் சின்னது, வெட்டு வழவழப்பாக இருக்கும், எஞ்சினுக்கும் சுமை குறைவு. 60 சிசியை நெருங்கினால் 3/8. பல் பெரியது, ஒவ்வொரு கடிக்கும் அதிகம் எடுக்கும், தீட்டத் தீட்டத் தாங்கவும் செய்யும்.

இரண்டாவது கேஜ். செயினின் அடிப்பக்கத்தில் சுறாமீனின் துடுப்பு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் துண்டுகளுக்கு டிரைவ் லிங்க் என்று பெயர், அவைதான் பாரின் பள்ளத்துக்குள் ஓடுகின்றன. அவற்றின் தடிமன்தான் கேஜ்: 1.3, 1.5, 1.6 மி.மீ., அங்குலக் கணக்கில் .050, .058, .063. என் கதையில் நடந்தது இதுதான், 1.3 பள்ளத்துக்கு 1.5 செயின். இதற்கு நேர் எதிராக நடந்தால் இன்னும் மோசம். 1.6 பள்ளத்தில் 1.3 செயின் சமர்த்தாக இறங்கி உட்கார்ந்துவிடும், எல்லாம் சரி என்று நினைப்பீர்கள், ஓட்டும்போது பக்கவாட்டில் ஆடி வெட்டு கோணலாகப் போகும், பாரும் கெடும்.

மூன்றாவது, டிரைவ் லிங்குகளின் எண்ணிக்கை. ஒரே 18 அங்குல பார் என்றாலும் மெஷினுக்கு மெஷின், பிட்சுக்குப் பிட்ச் இது மாறும். பழைய செயினை மேசையில் போட்டு, ஒரு லிங்கில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு அதிலிருந்து எண்ணுங்கள், தொடங்கிய இடம் மறந்துபோகாது.

இந்த மூன்றும் பெரும்பாலும் பாரின் அடிப்பகுதியில், மெஷினுக்குள் நுழையும் இடத்துக்கு அருகே, பொறித்திருக்கும். அழிந்துபோயிருந்தால் டிரைவ் லிங்கைப் பாருங்கள். ஆரிகன் என்ற நிறுவனத்தின் செயின்களில் அதில் ஒரு எண் குத்தியிருப்பார்கள்: 20, 21, 22 என்றால் .325 பிட்ச், வரிசையாக 1.3, 1.5, 1.6 கேஜ். 72, 73, 75 என்றால் அதே வரிசையில் 3/8. கைப்பேசியில் பாரையும் லிங்கையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை கடையில் வாய் திறக்கவே வேண்டாம்.

பிட்ச்சை மாற்ற ஆசைப்பட்டால் செயினோடு வேலை முடியாது. எஞ்சின் பக்கம் செயினைச் சுற்றுகிற ஸ்பிராக்கெட், பாரின் மூக்கில் இருக்கும் குட்டிச் சக்கரம், இரண்டும் அந்தப் பிட்ச்சுக்கே உரியவை. மூன்றையும் மாற்ற வேண்டும். புதியவர் அந்தப் பக்கம் போகாமல் மெஷினோடு வந்ததையே வைத்துக்கொள்வது நல்லது.

5. பல்லின் வடிவம்

மரத்தை அறுக்கும் செயின் முன்பு இப்படி இருந்ததில்லை. பழைய செயின்கள் கைரம்பத்தைப் போல நேர்ப் பற்களால் மரத்தைச் சுரண்டின. 1946-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடையும் வண்டு ஒன்றின் புழு தன் வளைந்த தாடைகளால் இடமும் வலமும் மாறி மாறி மரத்தைச் சீவிக்கொண்டு போவதைக் கவனித்தார், அதே மாதிரி இரும்பில் செய்தால் என்ன என்று யோசித்தார். அடுத்த வருடமே அந்தச் செயின் விற்பனைக்கு வந்துவிட்டது. இன்று உங்கள் மெஷினில் ஒரு பல் இடப்பக்கம், அடுத்த பல் வலப்பக்கம் என்று வளைந்து இருப்பது அந்தப் புழுவின் தாடைதான்.

அந்தத் தாடையின் மூலை எப்படி இருக்கிறது என்பதில்தான் இப்போது தேர்வு. மூலை சதுரமாக, கூர்மையாக இருந்தால் ஃபுல் சிசல். பச்சையான, சுத்தமான, மெதுவான மரத்தில் வெண்ணெயை வெட்டுகிற மாதிரி போகும். ஆனால் அந்த ஒரு கூர்மையான முனைதான் முழு வேலையும் செய்கிறது, கொஞ்சம் மண் பட்டால் அந்த முனை போய்விடும், முனை போனால் செயின் போன மாதிரிதான். மூலை லேசாக உருண்டு இருந்தால் செமி சிசல். வேகம் சற்றுக் குறைவு, ஆனால் வேலை அந்த வளைவு முழுவதும் பரவுவதால் மண்ணோ, காய்ந்த வைரக்கட்டையோ, அழுக்குப் பட்டையோ, கூர் நெடுநேரம் நிற்கும். தீட்டும்போது கை கொஞ்சம் தவறினாலும் மன்னித்துவிடும்.

விறகு அறுக்கிறவருக்கு, அதிலும் புதியவருக்கு, செமி சிசல். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஃபுல் சிசல் வேகமானது என்பது உண்மை, கூராக இருக்கிற அந்த முதல் இருபது நிமிடம். விறகுக்கட்டை என்பது பெரும்பாலும் தரையில் கிடந்தது, இழுபட்டது, காய்ந்தது. அங்கே நாள் முழுதும் ஒரே சீராக அறுக்கிற செயின்தான் கடைசியில் அதிகம் அறுத்திருக்கும்.

கூடவே கிக்பேக் (பாரின் மூக்கு எதிலாவது பட்டு மெஷின் நம்மை நோக்கி எகிறுவது) குறைந்த வகையா என்று அட்டைப்பெட்டியில் பாருங்கள். இந்த வகையில் பற்களுக்கு நடுவே சின்ன மேடு மாதிரி கூடுதல் லிங்குகள் இருக்கும், மூக்கு எதிலாவது இடித்தால் பல் சட்டென்று ஆழமாகக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளும். பலகை அறுக்கும் ரிப்பிங் செயின், நீளமான பாருக்கான பல் விட்டுப் பல் வைத்த ஸ்கிப் செயின், இவை எதுவும் உங்களுக்கு வேண்டாம்.

வாங்கும்போது இரண்டு செயினாக வாங்குங்கள். ஒன்று மொட்டையானால் மாற்றிப் போட்டுக்கொண்டு வேலையை முடிக்கலாம், தீட்டுவதை நிழலில் உட்கார்ந்து பிறகு செய்யலாம். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

6. மாட்டுவது, இறுக்குவது, எண்ணெய்

செயினில் பாரின் மேல்பக்கம் ஓடும் பற்களின் வெட்டும் முனை மூக்கை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டு மெஷின் சரியில்லை என்று திரும்பக் கொண்டு போனவர்கள் உண்டு. பார் நட்டை விரலால் இறுக்கி, பாரின் மூக்கை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இறுக்கும் திருகைத் திருப்புங்கள். அடிப்பக்கம் செயின் பாரோடு ஒட்டி நிற்க வேண்டும், அதே நேரம் கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிறகு மூக்கைத் தூக்கிப் பிடித்தபடியே நட்டைச் சாவியால் இறுக்குங்கள். புதுச் செயின் முதல் அரை மணியில் நன்றாகவே தொய்யும், இரண்டு மூன்று முறை நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும்.

செயினுக்கு அதற்கென்றே விற்கும் பார் ஆயிலை ஊற்றுங்கள். அது பிசுபிசுப்பாக இருப்பதால்தான் அந்த வேகத்தில் சுழலும் செயினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வண்டியிலிருந்து இறக்கிய பழைய எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம், அதில் உலோகத் துகள்கள் இருக்கும், தோலுக்கும் கெடுதல். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் ஆயிலையும் நிரப்புவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆயில் வருகிறதா என்று சந்தேகம் வந்தால், மூக்கை வெளுப்பான ஒரு கட்டைக்கு மேல் தொடாமல் பிடித்து எஞ்சினை முடுக்குங்கள், கட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும். இப்போதைய மெஷின்களில் பெரும்பாலும் 50:1, அதாவது லிட்டருக்கு 20 மி.லி. கையேட்டில் 40:1 என்றிருந்தால் 25 மி.லி. ஒரு மாதத்துக்குள் தீருகிற அளவு மட்டும் கலந்து வையுங்கள்.

7. மரத்தில் வைக்கும் முன்

ஹெல்மெட்டோடு முகத்திரை, காது மூடி, தொடைக் கவசம், கையுறை, முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ். இந்த மெஷின்களின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், காது மூடி அலங்காரத்துக்கு இல்லை. தொடைக் கவசத்துக்குள் நீளமான இழைகள் அடுக்கியிருப்பார்கள், செயின் பட்டால் அவை ஸ்பிராக்கெட்டில் சுற்றிக்கொண்டு செயினை நிறுத்தும். ஜீன்ஸ் அதைச் செய்யாது.

பாரின் மூக்கில் மேல்பக்கக் கால்வட்டம்தான் ஆபத்தான இடம். அது எதையாவது தொட்டால் மெஷின் உங்கள் முகத்தை நோக்கி எகிறும், கண் இமைக்கிற நேரம்கூட கிடைக்காது. இதைத்தான் கிக்பேக் என்கிறோம். அறுக்கிற கட்டைக்குப் பின்னால் இன்னொரு கட்டை ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். இடது கட்டைவிரல் முன் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்கட்டும், தலை செயினுக்கு நேராக வரக் கூடாது, மெஷின் தோளுக்கு மேல் போகக் கூடாது.

கட்டை இரண்டு முனையிலும் தாங்கலாக இருந்தால், மேலிருந்து அறுக்க அறுக்க வெட்டு மூடிக்கொண்டு பாரைக் கவ்விவிடும். அதனால் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு, மீதி கீழிருந்து. ஒரு முனை அந்தரத்தில் தொங்கினால் அப்படியே தலைகீழ்: கீழே கொஞ்சம், பிறகு மேலிருந்து. தரையோடு தரையாகக் கிடக்கும் கட்டையை முக்கால்வாசி வரை வரிசையாக வெட்டிக்கொண்டே போய், உருட்டிவிட்டு மறுபக்கத்திலிருந்து முடியுங்கள். முழுக்க அறுத்துவிடலாம் என்று ஆசைப்பட்டு ஒரே ஒரு நொடி செயின் மண்ணைத் தொட்டால் போதும், காலையில் தீட்டியது அத்தனையும் வீண்.

8. அரம்

மரத்திலிருந்து சீவல் சீவலாக வந்தால் செயின் கூராக இருக்கிறது. மாவு மாதிரி தூள் வந்தால் நிறுத்துங்கள். மெஷின் தன் எடையிலேயே மரத்துக்குள் இறங்க வேண்டும், நீங்கள் அமுக்க வேண்டியிருந்தால் தீட்டும் நேரம் எப்போதோ வந்துவிட்டது.

உருண்டை அரம் வாங்கும்போது விட்டம் பார்த்து வாங்குங்கள்: .325 செயினுக்கு 4.8 மி.மீ., 3/8-க்கு தயாரிப்பாளரைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ. ஆரம்பத்தில் கோணம் குறித்த அரப்பிடி ஒன்றும் சேர்த்து வாங்கிக்கொண்டால் நல்லது. பெரும்பாலான செயின்களில் பல்லின் மேல்தட்டிலேயே ஒரு சாய்கோடு இருக்கும், பொதுவாக 30 டிகிரி, அதற்கு இணையாக அரத்தைப் பிடியுங்கள். செயின் பிரேக்கைப் போட்டு, பாரை ஒரு கட்டையில் இறுக்கி நிறுத்தி, பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் மட்டும் தள்ளுங்கள், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு மூன்று தடவை, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு பக்கம் கை நன்றாக வரும், மறுபக்கம் வராது, அப்போது ஒரு பக்கப் பல் நீண்டு போய் வெட்டு பிறை மாதிரி வளையும். வெட்டு வளைந்தால் முதலில் பற்களின் நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு பாரின் விளிம்புகளை.

பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டுக்கு ரேக்கர் என்று பெயர். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது அதுதான். பல் தேயத் தேய உயரம் குறையும், ரேக்கர் அப்படியே நிற்கும், அப்புறம் எவ்வளவு கூராகத் தீட்டினாலும் தூள்தான் வரும். நாலைந்து முறை தீட்டிய பிறகு அளவுத்தகட்டை வைத்து, துருத்துவதைத் தட்டை அரத்தால் தேயுங்கள். பொதுவான அளவு பல்லை விட 0.65 மி.மீ. தாழ்வு. அதற்குக் கீழே போகாதீர்கள், செயின் மரத்தை வெட்டாமல் பிய்க்க ஆரம்பிக்கும், கிக்பேக்கும் கூடும்.

தீட்டும்போதெல்லாம் பாரைக் கழற்றிப் பள்ளத்தில் அடைந்திருக்கும் தூளைச் சுரண்டிவிட்டு, மேல்கீழாகப் புரட்டி மாட்டுங்கள், இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். ஸ்பிராக்கெட்டில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றிவிட்டுத்தான் புதுச் செயின் போட வேண்டும், இல்லையென்றால் பழைய ஸ்பிராக்கெட் புதுச் செயினைத் தின்றுவிடும்.

வேலை முடிந்ததும் செயினைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு மெஷினை வையுங்கள். சூட்டில் நீண்டிருக்கும்போது இறுக்கிய செயின் ஆறியதும் சுருங்கி, கிராங்க் ஷாஃப்டையும் பேரிங்கையும் இரவு முழுதும் இழுத்துக்கொண்டிருக்கும்.